அத்தையின் ஸ்டெபிலைசர்

நம் பழைய பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் நேற்று ஒருவர் கேட்டிருந்தார், மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும், எது நல்லது என்று. கேட்டவர் பாவம், என்னைப் பற்றி மறந்துவிட்டார் போலிருக்கிறது. கம்ப்யூட்டர் என்று யாராவது வாயைத் திறந்தால் நான் சாப்பாட்டை மறந்து பேசுவேன் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். என் வீட்டில் இதற்குப் பயந்தே, சார்ஜர் கெட்டுப்போனால்கூட யாரும் என்னிடம் சொல்வதில்லை. ஆகவே கேட்ட கேள்விக்குப் பதில் மெதுவாகத்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருக்கிற அபிப்பிராயங்கள் எல்லாமே அந்த மழைக்காலத்தில் முளைத்தவைதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற வயது நமக்கு வந்துவிட்டது.

வில்பட்டியில் எங்கள் வீட்டில் அப்போது அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. கொடைக்கானல் டவுனுக்குப் பாதி நடந்தும் பாதி ஜீப்பில் தொற்றியும் போய் டைப்ரைட்டிங் படித்து, லோயரும் ஹையரும் பாஸ் செய்து வைத்திருந்தாள். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை காலியானது. ஆனால் அங்கே டைப்ரைட்டரைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார்கள். பரீட்சையும் கம்ப்யூட்டரில்தான், மழை விட்டதும் கூப்பிடுவோம் என்றார்கள். அத்தைக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. கிடைக்காவிட்டால் காரட் கழுவுகிற தொட்டிதான் என்று அவளே சொல்லுவாள். மார்கழிக் குளிரில் ஓடைத் தண்ணீரில் நின்று காரட் கழுவினால் விரல்கள் என்ன கதி ஆகும் என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து, டைப்பிங் டீச்சர் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் கிளம்பினார். அவரிடம் யாரோ கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதைச் சுமந்துபோக மனமில்லாமல் அத்தையிடம் கொடுத்துவிட்டார். டவுனில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பில், காலிச் சாக்குகளுக்கு நடுவே அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. டிவி மாதிரி ஒரு பெட்டி, தட்டையாக இன்னொரு இரும்புப் பெட்டி, ஒரு கீபோர்டு. இரும்புப் பெட்டியை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்க முடியும். இப்போது காகிதம் கணக்காக மெலிந்த லேப்டாப்பைக் காட்டி எடையே இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். எடை இல்லாத இடத்தில் உள்ளே கை வைக்கவும் இடம் இருக்காது. மெமரி போதவில்லை என்றால் சேர்க்க முடியாது, பேட்டரி போனால் மாற்ற முடியாது, மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். என் முதல் அபிப்பிராயம் அதனால் இதுதான்: திருப்புளிக்கு இடம் கொடுக்காத எந்தச் சாமானையும் நம்பாதீர்கள்.

அத்தை வயர் மாட்டியதை அப்பா கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திகளுக்கு மடை பிரித்துத் தண்ணீர் விட்டே பழகியவர். எது எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். சுவரில் இருந்த பிளக்கில் இருந்து கரண்டு இரும்புப் பெட்டிக்குப் போனது. இரும்புப் பெட்டியின் முதுகில் இருந்து இன்னொரு வயர் திரைப்பெட்டிக்குப் போனது. பழைய கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் இருக்கும். இரும்புப் பெட்டியின் சிவப்பு ஸ்விட்சைப் போட்டால்தான் திரைக்கும் உயிர் வரும்.

"அப்ப இது ஸ்டெபிலைசரா தாயி?" என்று கேட்டார் அப்பா.

அத்தை மேஜைக்கு அடியில் இருந்தாள். வாயில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

அந்த 'ம்'தான் இந்தக் கதை. அப்போதெல்லாம் டிவி உள்ள வீடுகளில், டிவிக்குக் கீழே ஸ்டெபிலைசர் என்று ஒரு பெட்டி இருக்கும். மலையில் கரண்டு ஏறும், இறங்கும். அந்தப் பெட்டி டிக் டிக் என்று சத்தம் போட்டு அதைச் சரிபண்ணும். எங்கள் இரும்புப் பெட்டியும் டிக் டிக் என்றது. அதிலும் விளக்கு எரிந்தது. அப்பா நினைத்ததில் தப்பே சொல்ல முடியாது. நானும் அப்படியேதான் நினைத்தேன். எழுத்து தெரிவது திரையில், எனவே திரைதான் கம்ப்யூட்டர்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். அத்தை தட்டத் தட்ட அவள் மூக்குக் கண்ணாடியிலும் பச்சையாக எழுத்து ஓடும். ஸ்டெபிலைசரின் முதுகில் ஒரு சின்ன விசிறி சுற்றி, வெதுவெதுப்பான காற்றைத் தள்ளும். பள்ளிக்கூடம் விட்டு விரல் விறைத்து வந்ததும் நான் அந்தக் காற்றில் கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எங்கள் வீட்டுப் பூனை என்னைவிட விவரம், திரைப்பெட்டியின் தலைமேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். விசிறியே இல்லாத கம்ப்யூட்டர், சத்தமே வராது என்று இப்போது விற்கிறார்கள். வேலை செய்கிற எதற்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதைக் காதால் கேட்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உப்பு தண்ணீராகிவிடும், தீக்குச்சி பற்றாது, அப்பாவின் பெல்ட்டில் பூசணம் பூக்கும். அப்போதுதான் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் இருந்து ஆள் வந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த பெரியத்தைக்குப் பிரசவ நேரம், உடன் இருக்க ஆள் இல்லை. அத்தை போய்த்தான் ஆக வேண்டும். போவதற்கு முன் கீபோர்டைத் துடைத்து, பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அத்தை எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

"அண்ணே, கம்ப்யூட்டரு ஈரம் பட்டாப் போச்சு. அதை மட்டும் பாத்துக்கங்க. பெரியக்காவுக்குக் கொழந்த பொறந்ததும் வெரசா வந்துருவேன்" என்றாள்.

"நீ போயிட்டு வா தாயி. அது எம் பொறுப்பு" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் ஈரம் படக் கூடாத சாமான் எதுவென்றாலும் அதற்கு ஒரே இடம்தான். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் இருந்தது. அதில்தான் பூண்டை, விதைக்கு எடுத்துவைப்பதையும் சேர்த்து, கட்டுக்கட்டாகக் கட்டித் தொங்கவிடுவோம். அடுப்புப் புகை நாள் முழுக்க அதில் பட்டுக்கொண்டே இருக்கும், பூசணமோ பூச்சியோ அண்டாது. அத்தை போன மறுநாள் வெள்ளனே அப்பா திரைப்பெட்டியைத் துணியில் சுற்றி, சாக்கில் போட்டு, பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் பரணில் ஏற்றிக் கட்டிவிட்டார். அம்மா குழம்பு தாளித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"என் தலைக்கு மேல டிவி பொட்டியா? விழுந்தா யாரு பாக்குறது?"

"விழாது. ஒன் சோலியப் பாரு" என்றார் அப்பா.

ஸ்டெபிலைசர் கீழேயே கிடந்தது. அதைக் கவனிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் குடையைச் சுருக்கிக்கொண்டு வந்தார். எங்கள் சந்தில் முதலில் டிவி வாங்கியவர் அவர்தான். மழையில் கரண்டு மங்கி, படம் சுருங்கிச் சுருங்கி விரிகிறது என்று வருத்தப்பட்டார். "ஒங்க ஸ்டெபிலைசரு சும்மாதான கெடக்கு மச்சான், தங்கச்சி வர்ற வரைக்கும் குடுங்களேன்" என்றார். அப்பா உடனே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மாமா கெட்டிக்காரர். டிவி வயரின் நுனியை வெட்டி, பெட்டியோடு வந்த திரைப்பெட்டியின் வயரையும் வெட்டி, இரண்டையும் முறுக்கி டேப் ஒட்டி, ஸ்டெபிலைசரின் முதுகில் செருகிவிட்டார். சிவப்பு ஸ்விட்சைப் போட்டதும் பீப் என்று ஒரு சத்தம் வந்தது, டிவியும் வந்தது. "பாத்தீங்களா, கரண்டு சரியாயிருச்சுன்னு அதுவே சொல்லுது" என்று எல்லோரிடமும் சொன்னார். படம் முன்னைப்போலத்தான் சுருங்கி விரிந்தது. ஆனால் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கெல்லாம் படம் இப்போது ஆடாமல் நிற்பதாகவே தெரிந்தது. புதுச் சாமான் வாங்கிய முதல் வாரத்தில் எல்லாம் வேகமாகத் தெரிவதும் இதே கணக்குதான். புதுப் போனைப் பற்றி யாராவது புகழ்ந்தால், எப்போது வாங்கினீர்கள் என்று நான் முதலில் கேட்பது அதனால்தான்.

பெரியத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் அத்தை நினைத்த நேரத்துக்குத் திரும்ப முடியவில்லை. பழனி மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுவிட்டது. பாதை சரியாகி அவள் வந்து சேர்ந்தபோது பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தன. வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. மேஜை காலியாக இருந்தது.

"கம்ப்யூட்டரு எங்கண்ணே?"

அப்பா பெருமையாகப் பரணைக் காட்டினார். புகை ஏறிய சாக்கு, சுற்றிலும் பூண்டு.

"மிச்சம்?"

"மிச்சம் ஏது? ஸ்டெபிலைசரா? அதப் பக்கத்து வீட்ல டிவிக்குக் குடுத்துருக்கேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, பயந்துபோனேன். "அதுதான் கம்ப்யூட்டரு. அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. நீங்க ஏத்துனது வெறும் டிவி. இடைஞ்சலா இருக்குன்னு தூக்கிப் பூண்டோட கட்டிட்டீங்க, நான் வேலைக்குப் போறது ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார். மாமாவும் பின்னாலேயே வந்து, பாவமாக நின்றார்.

மாமா வெட்டிய வயரை முறுக்கி டேப் ஒட்டி, எல்லாவற்றையும் மாட்டி, சிவப்பு ஸ்விட்சைப் போட்டாள் அத்தை. பீப் என்றது. திரையில் பச்சை எழுத்து வந்தது. கண்ணாடியில் புகை படிந்து எழுத்து பழுப்பாகத் தெரிந்தது, துடைத்ததும் பளிச்சென்று ஆனது. இரண்டு பெட்டியும் பிழைத்ததற்கு இன்று எனக்குக் காரணம் தெரியும். மாமா வீட்டில் தினமும் ஓடியதால் இரும்புப் பெட்டி அதன் சூட்டிலேயே காய்ந்துகொண்டது. பரணில் இருந்ததால் திரைப்பெட்டியும் தப்பித்தது. புகைக்கரி கெடுதல்தான், ஆனால் அந்த ஐப்பசி ஈரம் அதைவிடக் கெடுதல். செத்துப்போனது ஒன்றே ஒன்று, அத்தை பார்த்துப் பார்த்துச் சுற்றிவைத்த கீபோர்டு. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு வெளியே போக வழி இல்லாமல், உள்ளேயே வேர்த்து, விசைகளுக்கு அடியில் பூசணம் பூத்திருந்தது. ஒரு விசையை அமுக்கினால் ஒன்றும் வரவில்லை. இன்னொன்றை அமுக்கினால் ஊர்ப்பட்ட எழுத்து வந்தது.

டவுனில் டிவி ரிப்பேர் செய்கிறவர், புதுசு மதுரையில் இருந்துதான் வர வேண்டும், நாளாகும் என்றார். அத்தை கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசல்படியில் நின்றபடியே, "அதையும் வேணும்னா..." என்று பரணைப் பார்த்தார்.

"இது என்ன பூண்டா?" என்று சீறினாள் அத்தை.

ஆனால் விடிந்து நான் எழுந்து வந்தபோது கீபோர்டு பரணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த முடிச்சு அப்பாவுடையது இல்லை.

காய்ந்து இறங்கியபோது எல்லா எழுத்தும் வந்தன, 'கே' ஒன்றைத் தவிர. அதை மட்டும் சுத்தியலால் அடிப்பதுபோல் குத்தினால்தான் விழும். பழகுவதற்கு அத்தை அடித்ததெல்லாம் கடிதங்கள். கடிதம் என்றால் மேலே ஊர் பேர் வேண்டும். கொடைக்கானலை இங்கிலீஷில் எழுதினால் இரண்டு இடத்தில் கே வருகிறது. குத்த மறந்தபோதெல்லாம் திரையில் 'ஓடை அனல்' என்று வந்தது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மழையில் ஓடை, வீட்டில் அனல், பொருத்தமான பேர்தான் என்றார் அம்மா. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவோடு மட்டும் அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

பரீட்சைக்கு அப்பாதான் கூட்டிப்போனார், நானும் அடம்பிடித்துப் போனேன். வெளியே யூகலிப்டஸ் மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அங்கே இருந்தது நல்ல கீபோர்டு. அத்தை பழக்கதோஷத்தில் முதல் வரியிலேயே கே விசையைக் குத்திவிட்டாள். திரை முழுக்கக் கே கே கே என்று ஓடியதாம். பக்கத்தில் பரீட்சை எழுதிய பெண்ணும் டைப்ரைட்டரில் பழகியவள்தான். அவள் ஒரு எழுத்து தப்பியதும், காகிதம் வீணாகிவிட்ட மாதிரி எழுந்து நின்றுவிட்டாள். அத்தை எழவில்லை. பின்னால் அழிக்கிற விசையைப் பிடித்து, வந்த கே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டு, கொடைக்கானல் என்று மெதுவாக அடித்தாள். பரண் கீபோர்டோடு மல்லுக்கட்டியதில் அவள் விரல் அதிகம் பழகியது அந்த விசையைத்தான். மனுஷன் கண்டுபிடித்த சாப்ட்வேரிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால், பின்னால் அழிக்கிற வசதி என்பேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேலை கிடைத்தது. அவள் கை காரட் தொட்டிக்குப் போகவே இல்லை. அந்த வருஷம் எங்கள் மேலடுக்கு நிலத்தில் மட்டும் அப்பா பூண்டு போடவில்லை. "நெலம் ஒரு போகம் சும்மா கெடக்கட்டும்" என்றார். எங்களுக்குப் பந்து விளையாட நல்ல சமதரை கிடைத்தது, அதனால் காரணத்தை யாரும் கேட்கவில்லை.

இனி லேப்டாப் கேட்டவருக்குப் பதில். கொஞ்சம் கனமானதை வாங்குங்கள். கீபோர்டை விரலால் தட்டிப் பார்த்து வாங்குங்கள், அது கடையில் இருக்கிற மற்ற விவரங்களைவிட முக்கியம். வருஷா வருஷம் வாடகை கேட்கிற சாப்ட்வேர் வேண்டாம், வாடகை நின்ற மறுநாள் உங்கள் கடிதத்தையே உங்களைத் திறக்கவிடாது. எழுந்து நில், தண்ணீர் குடி என்று அதட்டுகிற கைக்கடிகாரம் மகள் கேட்டாலும் வேண்டாம், அதற்கு அம்மா இருக்கிறார். முக்கியமாக, வாங்கியதை உறை போட்டு மூடி வைக்காதீர்கள். தினமும் ஓட்டுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை இப்போது ரிட்டயர் ஆகி டவுனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணனைப் பார்க்க வந்துவிடுவாள். அடுப்படியில் கேஸ் வந்துவிட்டது, பரண் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பாவின் போன் மழையில் நனைந்துபோயிருந்தது. நான் அதைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பூண்டு உரித்தபடி, விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் சொல்லுகிற அதே கதையை ஆரம்பித்தாள். "எங்கண்ணன்கிட்ட குடு, பரண்ல கட்டிருவாரு. கம்ப்யூட்டரையே பூண்டோட தொங்கவிட்ட ஆளு." கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே கூடினாலும் இந்தக் கதைக்கு எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார்.

எனக்கு எதைப் பார்த்தாலும் எடை எவ்வளவு, தாங்குமா என்றுதான் புத்தி போகும். அந்தப் பழைய திரைப்பெட்டி என்ன கனம் கனத்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அண்ணாந்து மூங்கிலைப் பார்த்தேன்.

"ஏம்ப்பா, பரண் நெறையப் பூண்டு இருந்துச்சே. அதுக்கு மேல அந்தப் பொட்டியும் ஏத்துனா இது எப்படித் தாங்குச்சு?"

"தாங்காது. வெதப்பூண்டை எறக்கிட்டுத்தான் ஏத்துனேன்" என்றார் அப்பா.

"எறக்கி எங்க வச்சீங்க?"

"எங்க வைக்கிறது. மூலையில சாக்கு மேல வச்சேன். பூசணம் புடிச்சுப் போச்சு."

அத்தையின் கை நின்றுவிட்டது. அவள் அப்பாவையே பார்த்தாள்.

"அப்ப மேலடுக்கு சும்மா கெடந்தது?"

"வெத இருந்தாத்தான தாயி போடுறதுக்கு. பூண்டு மறுபோகம் வரும். ஒனக்குப் பரீட்ச மறுபோகம் வருமா?" சொல்லிவிட்டு அப்பா கூச்சத்தோடு சிரித்தார். "என்ன, ஏத்துன பொட்டிதான் தப்பாப் போச்சு."

இத்தனை வருஷமாக அத்தை சொல்லி நாங்கள் சிரித்த கதை அது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையில் இருந்த பூண்டு வாசம் கண்ணில் ஏறியதாகச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும், ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை.

"தப்பில்லண்ணே" என்றாள். "நீங்க ஏத்துனதுதான் கம்ப்யூட்டரு."